வால் அறுத்த படகு

தொண்ணூற்று மூன்று டாலர். அதற்கு மேல், ஒரு டாலரைத் தொண்ணூறு துண்டாக வெட்டினால் அதில் முப்பது துண்டு. அமெரிக்காவின் காங்கிரஸ் சபை எனக்குத் தர வேண்டிய பாக்கி இது. இங்கிலாந்து ராஜாவின் பட்டாளத்தோடு சண்டை போட்ட காலத்தில், பதினான்கு மாதம் தராமல் விட்ட சம்பளம். மாதம் ஆறு டாலரும் அறுபது துண்டும் என்று எவனோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து பெருக்கிக் கூட்டி, ஒரு துண்டைக்கூடச் சிந்தாமல் எழுதி, கீழே முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தான். கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. பணம்தான் இல்லை.

சண்டையில் ஜெயித்தோம். ஒரு ராஜா போனார், பதின்மூன்று ராஜாக்கள் வந்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிச் சுங்கம், தனி நோட்டு. ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் எங்கள் ஜெர்ஸி மாநிலத்தில் டாலருக்கு ஏழரை ஷில்லிங். படகில் ஏறி நியூயார்க்கில் இறங்கினால் அதே டாலருக்கு எட்டு ஷில்லிங். இந்தப் பதின்மூன்றுக்கும் மேலே காங்கிரஸ் சபை. மேலே என்பது பேச்சுக்குத்தான். பதின்மூன்று மருமகள்கள் உள்ள வீட்டில் சாவிக்கொத்து இல்லாத மாமியார் எப்படி இருப்பாளோ, அப்படி இருந்தது அது. வரி போட முடியாது. தயவுசெய்து கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்டதற்காகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் கிடையாது.

நான் டூனிஸ் அவுட்வாட்டர். ஓக் விறகு வெட்டி நியூயார்க்குக்குக் கொண்டுபோய் விற்கிறவன். பன்னிரண்டு வருடம் அடுத்தவன் காட்டில் கூலிக்குக் கோடாரி பிடித்துத் தோள் போன பிறகு, என் மனைவி லேனாவும் அவள் தம்பி கெரிட்டும் அவர்கள் அப்பா விட்டுப்போன புல்வெளியை விற்றார்கள். அந்தப் பணத்தில் கட்டியதுதான் எங்கள் பாய்மரப் படகு. அது போனால் எனக்குக் கோடாரியும் கெரிட்டுக்கு இன்னொரு கோடாரியும்தான் மிச்சம். என்னுடைய தோள் இனிமேல் அதைத் தூக்காது.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழாம் வருடம் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிற படகு பன்னிரண்டு டன்னுக்கு மேல் இருந்தால், லண்டனிலிருந்து வருகிற கப்பலைப் போலவே சுங்கத்துக்குப் போய் நுழைவுச் சீட்டும் போகிற சீட்டும் வாங்க வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் படகு பன்னிரண்டரை டன்.

"அந்த அரை டன் உன் வயிறு மச்சான்," என்றான் கெரிட். "நீ கரையிலேயே நின்னுக்க, படகு பன்னிரண்டுக்கு வந்துரும்."

"சீட்டு வாங்கிட்டா என்ன?"

"வாங்கலாம். விறகுல வர்ற லாபத்தை அங்கேயே குடுத்துட்டு, வரும்போது காத்தை ஏத்திக்கிட்டு வரலாம். பேசாம வா. நூறு படகு நிக்கிற துறை, நம்மளையா தேடப்போறான்?"

எங்களைத்தான் தேடினான். நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விறகை இறக்க ஆரம்பிக்கும் முன்பே, அளவுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சுங்கத்து ஆள் வந்து நின்றான். தோர்ன் என்று பெயர். கோபமே இல்லாத மனிதன். கோபம் இருந்தால் சமாதானம் பண்ணவாவது முடியும்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"ஹாக்கன்சாக்."

"அந்நியப் படகு," என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

"அந்நியமா? ஐயா, வீட்டுல சூப்பைக் குடிச்சிட்டுக் கிளம்பினா, அது வயித்துல ஆறுறதுக்குள்ள இங்க வந்துர்றோம்!"

"லண்டன்லேருந்து வந்தாலும் இதே கட்டணம்தான். உங்களுக்குன்னு தனியா எதுவும் பண்ணலை."

"லண்டன்காரன் கையிலேருந்து இந்த ஊரை மீட்கத்தானே ஐயா நான் சண்டை போட்டேன்? ரெண்டு தடவை இதே நியூயார்க் தீவுல வந்து இறங்கினேன்."

"அப்போ சீட்டு வாங்கினீங்களா?" என்றான் தோர்ன்.

கேலிதானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கெரிட் மட்டும் சிரித்துவிட்டான், அவனுக்கு எந்த நேரத்தில் சிரிப்பது என்று கிடையாது.

அபராதம், நுழைவு, போக்கு, அளந்த கூலி எல்லாம் சேர்த்து நான்கு பவுண்டு பதின்மூன்று ஷில்லிங். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டாவிட்டால் படகும் விறகும் ஏலத்துக்குப் போகும். கட்டுகிற வரை படகு நகரக் கூடாது, விறகை விற்கக் கூடாது. எங்களிடம் கொஞ்சம் ஜெர்ஸி நோட்டு இருந்தது. நீட்டினேன். தோர்ன் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"இது உங்க ஊர்ல பணம்," என்றான். "இங்க இது காகிதம்."

துறைமேட்டில் காவலுக்கு ஒருவனை நிறுத்திவிட்டுப் போனான். கெரிட் இன்னொருவன் படகில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனான். எங்கள் மாநிலத்துச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் எங்கள் ஊர் சத்திரத்தில்தான் எப்போதும் இருப்பார், அவரிடம் முறையிட. நான் என் சட்டைக்குள் இருந்த பாக்கிக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடன்காரன் இதே ஊரில், இரண்டு தெரு தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறான்!

காங்கிரஸ் சபைக்கென்று சொந்தக் கட்டிடம் கிடையாது. நியூயார்க் நகர மண்டபத்தில் ஒண்டுக் குடித்தனம். வாசலில் நின்ற காவலாள் என்னைப் பார்த்துக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தான். ஆஸா டட்டில். கனெக்டிகட்காரன், பட்டாளத்தில் எனக்கு சார்ஜன்ட்.

"டூனிஸா? நீ இன்னும் சாகலையா?"

"சம்பள பாக்கி இருக்கே சார்ஜன்ட். வாங்காம எப்படிப் போறது?"

"அப்படின்னா உனக்குச் சாவே கிடையாது போ," என்று என் முதுகில் தட்டினான்.

"உள்ளே எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆளைக் கேக்கறியா, மாநிலத்தைக் கேக்கறியா? மாநிலம்னா அஞ்சு. சபை கூடணும்னா ஏழு வேணும். காசு எடுக்கணும்னா ஒன்பது. போன வாரம் ஆறு வந்துருச்சு. அப்புறம் ஒருத்தருக்குத் தடுமன் பிடிச்சு ஊருக்குப் போயிட்டார்."

"அப்போ இந்த அஞ்சும் என்ன பண்ணுது?"

"தினமும் வருவாங்க. எண்ணிப் பார்ப்பாங்க. ஏழு இல்லைன்னு எழுதி வெச்சிட்டுச் சாப்பிடப் போவாங்க. எண்ணறதுல ஒரு தப்பு சொல்ல முடியாது."

என்னை மாடிக்குக் கூட்டிப்போனான். பெரிய கூடம். சிவப்புத் துணி விரித்த மேசைகள், நல்ல நாற்காலிகள், சுவரில் பெரிய பெரிய படங்கள். கணப்பில் சாம்பல் மட்டும் இருந்தது. தெற்கிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் வெளியே போடுகிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். எழுந்து நின்று பேசினார். என் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"நியாயமான கடன்," என்றார். "ரொம்ப நியாயமான கடன்."

"குடுத்துடுங்க ஐயா."

"குடுக்க வேண்டியதுதான். மாநிலங்கள் பணம் அனுப்பினாத்தானே? உங்க ஜெர்ஸியையே எடுத்துக்கங்க. காங்கிரஸ் கேக்கற சுங்க வரிக்கு நியூயார்க் சம்மதிச்சாத்தான் நாங்க ஒரு காசு அனுப்புவோம்னு உட்கார்ந்துட்டாங்க. நாங்க மூணு பேரை அனுப்பிக் கெஞ்சினோம்."

"என்ன ஆச்சு?"

"மரியாதையா நடத்தினாங்க. பணம் வரலை."

"சரி ஐயா, முழுசா வேண்டாம். அஞ்சு பவுண்டு குடுங்க, என் படகை மீட்டுக்கறேன். அதுவும் முடியாதுன்னா, படகை விடச் சொல்லி நியூயார்க்குக்கு ஒரு உத்தரவு எழுதிக் குடுங்க."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இல்லையேப்பா. சபை கூடினா ஒரு சிபாரிசு பண்ணலாம்."

"அதை அவங்க கேக்கலேன்னா?"

என் காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "இன்னொரு சிபாரிசு பண்ணலாம்," என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, அவருடைய மாநிலம் அவருக்கே படி அனுப்பவில்லை, தங்கியிருக்கிற வீட்டுக்கார அம்மாளுக்கு நான்கு மாத வாடகை பாக்கி என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க விறகு என்ன மரம்?"

"ஓக் ஐயா. நல்லாக் காஞ்சது."

"ஒரு வண்டி இங்கே இறக்க முடியுமா? கடனா."

"யார் பேர்ல எழுதிக்கட்டும் ஐயா?"

"ஐக்கிய மாநிலங்கள் பேர்ல."

நான் ஆஸாவைப் பார்த்தேன். ஆஸா மேல்கூரையைப் பார்த்தான். இங்கிலாந்து ராஜாவை விரட்டிய அரசாங்கத்துக்கு ஊரில் ஒரு விறகுக்கடைக்காரன் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் அது என்னிடம் வந்து கேட்கிறது!

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் கெரிட் வந்தான். கையில் பணம் இல்லை, ரம்பம் இருந்தது.

"பார்த்தியா அவரை?"

"பார்த்தேன். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். கவலையே படாதே, நியூயார்க்காரனுக்கு நாம சரியான சூடு வெச்சிட்டோம்னார். அவங்க கலங்கரை விளக்கம் ஒண்ணு நம்ம கடற்கரையில சாண்டி ஹூக்ல நிக்குதுல்ல? அதுக்கு மாசம் முப்பது பவுண்டு வரி போட்டாச்சாம். சத்திரமே எந்திரிச்சு நின்னு குடிக்குது மச்சான். எனக்கும் ஒண்ணு ஊத்தினாங்க."

"படகு?"

"அதைத்தான் கேட்டேன். முப்பதுல அஞ்சை எங்களுக்குக் குடுங்கன்னேன். இன்னும் வசூல் ஆகலையாம். நியூயார்க்காரன் தர மாட்டேங்கறானாம். அப்புறம் மறுபடி எந்திரிச்சு நின்னு குடிச்சாங்க."

எதிரிக்குச் சகுனத் தடையாக மூக்கை அறுத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரிய மனிதர்கள் அறுப்பது எப்போதும் அடுத்தவன் மூக்கைத்தான். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கெரிட் ரம்பத்தை எடுத்துப் படகின் பின்பக்கம் வைத்தான்.

"என்னடா பண்றே?"

"சட்டம் பன்னிரண்டு டன்னுக்கு மேலதானே? அரை டன்னை எடுத்துட்டா? பின்னால மூணடி போதும். அறுத்து, பலகையால மூடி, தார் பூசிட்டா, நாளைக்கு இது பன்னிரண்டுக்குக் கீழ. சட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை."

கேட்ட கணத்தில் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு நாளாகப் புத்திசாலிகளோடு பேசிப் பார்த்தாகிவிட்டது. காவலாளைப் பார்த்தேன்.

"படகை நகர்த்தக் கூடாதுன்னுதான் எனக்கு உத்தரவு," என்றான் அவன். "அறுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை."

கடல் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தோம். பின்பக்கத்து விறகை முன்னால் அடுக்கினோம். சுக்கானைக் கழற்றினோம். நல்ல மரம் அது, நானே பார்த்து வெட்டின மரம். ரம்பம் உள்ளே இறங்க இறங்க எனக்கு லேனாவின் முகம் ஞாபகம் வந்தது, புல்வெளி ஞாபகம் வந்தது. துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்ன ஜெர்ஸி, படகுல பாதியை வித்துட்டியா?" என்றான் ஒரு மீன்காரன்.

"இவங்க ஊர்ல படகையும் துண்டு துண்டாத்தான் எண்ணுவாங்க போலிருக்கு!" என்றான் இன்னொருவன்.

"அடுத்த வருஷம் சட்டம் பத்து டன்னுன்னு வந்தா என்ன பண்ணுவே?"

"அப்போ உன்னை நடுவுல அறுத்து அடைச்சுக்கறேன்," என்றான் கெரிட்.

ஏறுகிற தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறபோது கடைசிப் பலகையை அடித்து, இடுக்குகளில் கயிற்று நாரைத் திணித்துத் தார் பூசி முடித்தோம். வால் அறுத்த வாத்து போல நின்றது. என்றாலும் மிதந்தது.

சனிக்கிழமை காலையில் தோர்ன் வந்தான். கயிற்றைப் பிடித்து நீளம் அளந்தான், அகலம் அளந்தான், ஆழம் அளந்தான். பெருக்கினான், வகுத்தான்.

"பதினொன்றே முக்கால்," என்றான். "பன்னிரண்டுக்குக் கீழே. இந்தப் படகுக்கு இனிமே சீட்டு வேண்டாம், கட்டணமும் இல்லை."

கெரிட் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அது தண்ணீரில் விழுந்தது.

"ஆனா செவ்வாய்க்கிழமை வந்தது பன்னிரண்டரை டன் படகு," என்று தோர்ன் தொடர்ந்தான். "அபராதம் அந்தப் படகுக்கு."

"அந்தப் படகுதான் இப்போ இல்லையே!" என்று கத்தினான் கெரிட்.

"படகு இல்லை. குற்றம் இருக்கே," என்றான் தோர்ன். "மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு."

அவன் போன பிறகு நாங்கள் இருவரும் அறுத்துப் போட்ட வாலைப் பார்த்தபடி நின்றோம். கெரிட் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. "அக்கா என்னைக் கொன்னுடுவா மச்சான்," என்றான். நான் சட்டைக்குள் கையை விட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நகர மண்டபத்துக்கு நடந்தேன்.

ஆஸா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "மேல போகாதே," என்றான். "இன்னிக்கு நாலுதான். படிக்குக் கீழே போ. மேல இருக்கறவங்க தர வேண்டியதைக் கீழ இருக்கறவன் தர்றான். குறைச்சுத்தான் தருவான், ஆனா தருவான்."

படிக்குக் கீழே நீர்நாய்த் தோல் தொப்பி போட்ட ஒருவன் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து மேசையாக வைத்து உட்கார்ந்திருந்தான். முன்னால் என்னுடையதைப் போன்ற காகிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு கால் போன பழைய சிப்பாய் ஒருவன் தன் காகிதத்தை விற்றுவிட்டுக் காசை எண்ணிக்கொண்டே போனான்.

"டாலருக்கு ஒரு ஷில்லிங்," என்றான் தொப்பிக்காரன்.

"இங்க டாலருக்கு எட்டு ஷில்லிங் இல்லையா?"

"பணமா இருந்தா எட்டு. காங்கிரஸ் வாக்குன்னா ஒண்ணு."

"நேத்து ஒரு ஷில்லிங்கும் ரெண்டு பென்சும் குடுத்தீங்களாம்?"

"நேத்து உங்க படகு ஏலத்துக்கு வரலையே," என்றான். படகை அறுத்தவன் நான்தான் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

"மேல முப்பது துண்டு இருக்கு."

"அதுக்கு ஷில்லிங்குல மூணுல ஒரு பங்கு, நாலு பென்ஸ். நான் துண்டைக்கூட ஏமாத்த மாட்டேன்."

காகிதம் கைமாற ஒரு கையெழுத்து வேண்டும் என்றான். பேனாவை வாங்கி டூனிஸ் அவுட்வாட்டர் என்று மெதுவாக எழுதப்போனேன். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு, முப்பத்தெட்டு வயதில், சத்திரத்தில் பத்திரிகையை விரல் வைத்துப் படித்துக் கற்றுக்கொண்ட எழுத்து. தொப்பிக்காரன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எழுத்து வேண்டாம்யா. சம்பளப் பதிவுல நீ பெருக்கல் குறிதான் போட்டிருக்கே. எழுத்து போட்டா குமாஸ்தா வேற ஆள்னு சொல்லிடுவான். குறியைப் போடு."

போட்டேன்.

தொண்ணூற்று மூன்று ஷில்லிங்கும் நான்கு பென்சும். அதில் தொண்ணூற்று மூன்றை, பவுண்டுக்கு இருபது ஷில்லிங் கணக்கில் நான்கு பவுண்டு பதின்மூன்றை, தோர்ன் எண்ணி வாங்கிப் படகை விட்டான். மிஞ்சிய நான்கு பென்சுக்கு நானும் கெரிட்டும் ஆளுக்கு ஒரு குவளை ஆப்பிள் மது குடித்தோம். ஏழு வருடம் சண்டை போட்டதற்கு அரசாங்கம் வாங்கிக் கொடுத்தது அது. புளித்திருந்தது.

விறகை விற்று முடித்துக் கிளம்புகிற நேரத்தில் ஆஸா ஒரு தள்ளுவண்டியோடு வந்தான். அறுத்துப் போட்ட வாலைச் சுற்றி வந்தான்.

"இதை என்ன பண்ணப்போறே டூனிஸ்?"

"ஏன்?"

"ஐயாமாருங்களுக்குக் குளிருது. பேனா மையே உறைஞ்சு போச்சு."

"எடுத்துக்கோ சார்ஜன்ட்."

"ரசீது எழுதித் தரச் சொல்றேன்."

"ஐயோ, வேண்டாம். இப்பத்தான் ஒண்ணை வித்துட்டு வர்றேன்."

என் படகின் வால் காங்கிரஸ் சபையின் கணப்பில் எரிந்தது. எத்தனை மாநிலங்கள் அதில் குளிர்காய்ந்தன என்று ஆஸா சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் எல்லாம் மாறியது. புதிய அரசியல் சாசனம், புதிய அரசாங்கம். சாவிக்கொத்து மாமியார் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துப் படகுக்குக் கட்டணம் போடக் கூடாது என்றார்கள். இப்போது நாற்பது டன் படகை ஓட்டிக்கொண்டு போனாலும் அந்தத் துறையில் ஒருவன் கயிற்றோடு வருவதில்லை. எங்கள் படகு மட்டும் கொஞ்சம் காற்று அடித்தாலும் இடது பக்கம் இழுக்கிறது, முன்னைவிடக் குறைவாகத்தான் ஏற்ற முடிகிறது. வால் திரும்ப முளைக்கவில்லை. லேனா இன்னும் தன் தம்பியிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதற்கு அடுத்த வருடம் சத்திரத்தில் பத்திரிகை படித்தேன். சண்டைக் காலத்துக் கடன்களையெல்லாம் புதிய அரசாங்கம் முழு மதிப்புக்கு வட்டியோடு ஏற்றுக்கொள்கிறது, காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. இந்த முறை விரல் வைக்காமலே படித்தேன். அடுத்த வாரம் நீர்நாய்த் தோல் தொப்பிக்காரனின் புது வீட்டுக்கு விறகு இறக்கினேன். பேரம் பேசாமல் வெள்ளிக்காசாக எண்ணிக் கொடுத்தான். என்னை அவனுக்கு ஞாபகம் இல்லை. என் பெருக்கல் குறி போட்ட காகிதத்தையும் அவன் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். தொண்ணூற்று மூன்று டாலரும் முப்பது துண்டும், வட்டி தனி. அரசாங்கம் என் கடனை ஒரு துண்டுகூட விடாமல் தீர்த்துவிட்டது.